கடன்பட்டார் கோட்டை

கடன் வாங்கியவன் நெஞ்சு கலங்கிக்கொண்டே இருக்கும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர்கள் யோஹான் ஆகஸ்ட் சுட்டரைப் பார்த்ததில்லை. சுவிட்சர்லாந்தில் தொடங்கி மிசூரி வழியாகக் கலிஃபோர்னியா வரை போன இடமெல்லாம் கடன் வாங்கினார். ரஷ்யர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள்கூடக் கலங்கினாரா என்றால், இல்லை. கலங்கியதெல்லாம் கொடுத்தவர்கள்தான்.

1803-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில் காண்டர்ன் என்ற ஊரில் ஒரு சுவிஸ் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் காகித ஆலையில் மேஸ்திரி வேலை. இந்த விவரத்தை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்னவோ மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் கையில் இருந்த ஒரே முதல் காகிதம்தான். சிபாரிசுக் கடிதம், புரோநோட்டு, பட்டா, மனு என்று அது உருமாறிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாணம் நடந்தது 1826 அக்டோபர் 24. மூத்த மகன் பிறந்தது 1826 அக்டோபர் 25. அச்சுப்பிழை இல்லை, சரியாகத்தான் படித்தீர்கள். கல்யாணச் சாப்பாட்டின் மிச்சத்திலேயே பிரசவ விருந்தையும் முடித்திருக்கலாம். அவர் வாழ்க்கையில் சிக்கனம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். பெண் பெயர் அன்னெட் டூபெல்ட். பர்க்டோர்ஃப் ஊரில் வசதியான வீடு. மாமியார் தயவில் மாப்பிள்ளை அங்கேயே ஜவுளிக் கடை வைத்தார். கடையில் சரக்கு இருந்தது, சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இருந்தது. சில வருஷத்தில் பாக்கி மட்டும் மிஞ்சியது.

1834 மே மாதம், போலீஸ் வாசலுக்கு வருவதற்குள், துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார். ஜவுளிக்காரருக்குப் பொருத்தமான ஓட்டம். பின்னாலேயே கைது வாரன்ட் வந்தது. அதுவும் காகிதம்தான், ஆனால் அவர் தனக்குச் சாதகமில்லாத காகிதங்களைப் படிப்பதில்லை. மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சொந்தக்காரர்கள் தயவில் அங்கேயே கிடந்தார்கள். ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது பெயர் ஜான் சுட்டராகிவிட்டது. கொஞ்ச காலத்தில் அதன் முன்னால் ‘கேப்டன்’ முளைத்தது. பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் சுவிஸ் காவற்படையில் கேப்டனாக இருந்தவராம். உண்மையில் உள்ளூர் ரிசர்வ் படையில் சின்ன அதிகாரியாக இருந்தார். மன்னர் 1830-லேயே பதவி போய்ப் பரதேசம் போய்விட்டார். அத்தனை தூரம் போய் விசாரிக்க யாருக்கு நேரம்?

மிசூரியில் இறங்கி சான்டா ஃபே வியாபாரத்தில் புகுந்தார். முதல் பயணத்தில் கொஞ்சம் காசு பார்த்தார். அதைக் காட்டி ஜெர்மன்காரர்களைப் பங்கு போடவைத்து இரண்டாம் பயணம் போனார். பணம் போனது, திரும்பவில்லை. சீட்டுக் கம்பெனி ஓடிப்போன மறுநாள் காலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பங்குதாரர்களின் முகத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. 1838-ல் அங்கிருந்தும் கம்பி நீட்டினார். இந்த முறை மேற்கே, தோல் வியாபாரிகளின் கூட்டத்தோடு மலைதாண்டி.

குறி கலிஃபோர்னியா. அப்போது அது மெக்சிகோவின் கடைக்கோடி மாகாணம். நிலம் சும்மா கிடக்கிறது, கேட்டால் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அக்டோபரில் ஓரிகான் பக்கம் வான்கூவர் கோட்டைக்கு வந்துவிட்டார். தெற்கே திரும்பி நடந்தால் கலிஃபோர்னியா. ஆனால் குளிர்காலம், பாதை ஆபத்து என்றார்கள். அதனால் கப்பல் ஏறி எங்கே போனார் தெரியுமா? ஹவாய். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் நாலு மாதத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு, அங்கிருந்து வேறொரு கப்பலில் அலாஸ்காவின் சிட்கா. அதற்குப் பிறகுதான் கலிஃபோர்னியா. பக்கத்துத் தெருவுக்குப் போக ராமேஸ்வரம் வழியாகக் காசி போன கதை. ஆனால் மனிதர் சும்மா சுற்றவில்லை, போகிற இடமெல்லாம் சிபாரிசுக் கடிதம் சேர்த்தார். பிரிட்டிஷ் கம்பெனி அதிகாரி, ஹவாய் வியாபாரி, ரஷ்ய ஆளுநர் என்று பழகிய எல்லோரும் ‘கேப்டன் சுட்டர் கண்ணியமான மனிதர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். யாரும் பர்க்டோர்ஃபுக்கு எழுதிக் கேட்கவில்லை.

1839 ஜூலை 1-ம் தேதி, பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ ஆகப்போகிற யெர்பா புவெனா கிராமத்தில் கப்பல் நின்றது. இது வெளிநாட்டுக் கப்பல் இறங்குகிற துறைமுகமே இல்லை, மான்டரேக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ‘அடுத்த கவுன்ட்டர்’ என்பது உலகப் பொது மொழி. மான்டரேயில் ஆளுநர் ஹுவான் பவுதிஸ்தா ஆல்வரடோ கடிதங்களைப் பார்த்தார், மயங்கினார். மயங்கினார் என்று நான் சொல்வது மரியாதைக்கு. ஆல்வரடோவுக்கு ஒரு கணக்கு இருந்தது. வடக்கே சொனோமாவில் அவருடைய சொந்த மாமா மரியானோ வயெஹோ படைத்தளபதி என்ற பெயரில் குட்டி ராஜாவாக வளர்ந்துகொண்டிருந்தார். மாமாவுக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்தினால் நல்லது. ‘உள்நாட்டில் இடம் பார்த்துக்கொள், ஒரு வருஷம் கழித்துக் குடியுரிமை தருகிறேன், நிலமும் தருகிறேன்’ என்றார். மாமன் மருமகன் சண்டைக்கு நடுவே புகுந்து நிலம் வாங்குகிற கலை சுவிட்சர்லாந்தில்தான் பிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவர் கைதேர்ந்தவர்.

ஆகஸ்டில் வாடகைக் கப்பல்களில் சாக்ரமென்டோ ஆற்றில் மேலே போனார். ஹவாயிலிருந்து கூட்டி வந்த எட்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு புல்டாக், கொஞ்சம் வெள்ளைக்கார வேலையாட்கள், சில பீரங்கிகள். ஹவாய்ப் பெண்களில் மானுயிகி என்பவரோடு குடித்தனமும் அமைந்தது. பர்க்டோர்ஃபில் ஏற்கெனவே ஒரு குடித்தனம் இருப்பது அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை போலும். கப்பல்கள் திரும்பிப் போகும்போது ஒன்பது குண்டு முழங்கி மரியாதை செய்தார். காட்டிலிருந்த மான்களெல்லாம் மிரண்டன. குடியுரிமை இல்லை, நிலம் இல்லை, காசு இல்லை. பீரங்கி மரியாதை மட்டும் முதல் நாளே வந்துவிட்டது.

1841 ஜூனில் பட்டா வந்தது. 11 சதுர லீக், அதாவது 48,000 ஏக்கருக்கும் மேலே. ‘நியூ ஹெல்வெஷியா’ என்று பெயர் வைத்தார். ஹெல்வெஷியா என்றால் சுவிட்சர்லாந்துக்கு லத்தீன் பெயர். எந்த நாட்டுப் போலீஸ் தேடுகிறதோ அந்த நாட்டின் பெயரையே தன் பண்ணைக்கு வைத்தவரை நான் வேறெங்கும் படித்ததில்லை. பட்டாவோடு ஒரு வரைபடம் வேண்டும். வரைந்தவர் ழான் வியோஜே என்ற இன்னொரு சுவிஸ்காரர். யெர்பா புவெனாவில் சாராயக் கடை நடத்தியவர், மாலுமி, நில அளவும் தெரியும். எந்த வேலையை எந்த நிலையில் செய்தாரோ, தெற்கு எல்லைக் கோடு சில மைல் வடக்கே ஏறிவிட்டது. வரைபடத்தின்படி சுட்டரின் கோட்டையே சுட்டரின் நிலத்துக்கு வெளியே. அப்போது யாரும் கவனிக்கவில்லை. இந்த எல்லைக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கோட்டை என்றால் உண்மையிலேயே கோட்டை. 18 அடி உயர மண் கல் சுவர், இரண்டரை அடி கனம், மூலையில் கொத்தளம், மேலே பீரங்கி. அதே வருஷம் டிசம்பரில் கடற்கரையோரம் ராஸ் கோட்டையை ரஷ்யர்கள் காலி செய்தபோது, எல்லாவற்றையும் 30,000 டாலருக்கு வாங்கினார். கையிலே காசு? அதெல்லாம் கோதுமையாகத் தவணையில். ரஷ்யர்களும் சரி என்றார்கள், நியூ ஹெல்வெஷியாவை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு. வீடுகளைப் பலகை பலகையாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பீரங்கிகள் வந்தன. ரஷ்யச் சிப்பாய்களின் பழைய சீருடைகளும் வந்தன. அவற்றை உள்ளூர்ப் பழங்குடிக் காவலர்களுக்கு மாட்டிவிட்டு, ஜெர்மன் மொழியில் அணிவகுப்பு நடத்தினார். மெக்சிகோ மண், ரஷ்யச் சட்டை, ஜெர்மன் உத்தரவு, நிசெனான் சிப்பாய், சுவிஸ் கேப்டன். கேப்டன் என்பது மட்டும் டூப்ளிகேட்.

இந்தக் கோட்டைக்கு மண் குழைத்தவர்கள் யார் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். நிசெனான், மீவோக் மக்கள். சிலர் கூலிக்கு வந்தார்கள், பலர் ஆயுதத்தோடு போய்ப் பிடித்துக்கொண்டு வரப்பட்டார்கள். கூலி என்பது நட்சத்திர ஓட்டை போட்ட தகரத் துண்டு. சுட்டரின் கடையில் மட்டும் செல்லும். வேகவைத்த கோதுமையை நீண்ட மரத் தொட்டிகளில் கொட்டுவார்கள். மக்கள் குனிந்து கையால் அள்ளிச் சாப்பிட வேண்டும். 1840-களில் அங்கே வந்துபோன ஜேம்ஸ் கிளைமன் என்ற அமெரிக்கர், 600 முதல் 800 பேரை அடிமைகளாகவே வைத்திருப்பதாக எழுதிவைத்தார். இரவில் அவர்களை அறையில் அடைத்துப் பூட்டியதைச் சுட்டரிடம் வேலை பார்த்த சுவிஸ்காரர் ஹைன்ரிக் லீன்ஹார்ட் எழுதியிருக்கிறார். கடன்காரர்கள் நெருக்கினால் ஆட்களையே வேலைக்கு அனுப்பிக் கணக்கில் கழிப்பார். அனாதைக் குழந்தைகளைத் தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். அதே மனிதர்தான் மலைதாண்டிப் பசியோடு வந்த வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு இலவசச் சோறு போட்டு, பனியில் சிக்கிய டானர் கூட்டத்துக்கு உணவு அனுப்பி, வள்ளல் என்று பெயர் வாங்கினார். இரண்டு சோறும் ஒரே கோதுமை. தொட்டிதான் வேறு.

இடையில் ஒரு யுத்தமும் உண்டு. 1845-ல் ஆளுநர் மிச்செல்டொரெனாவுக்கு எதிராக ஆல்வரடோவும் மற்றவர்களும் கிளம்பினார்கள். சுட்டர் யார் பக்கம்? நிலம் கொடுத்த ஆல்வரடோ பக்கமா? அது பழைய பட்டா. புது ஆளுநர் புதிதாக 22 லீக் தருவதாகச் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டார். படை திரட்டித் தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போனார் கேப்டன். இரண்டு பக்கமும் இருந்த அமெரிக்கர்கள் நடுவில் சந்தித்துப் பேசி, நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிவிட்டார்கள். பீரங்கிகள் மட்டும் நாள் முழுக்கச் சுட்டன. செத்தது குதிரை, கோவேறு கழுதை வகையறா. ஆளுநர் தோற்றார், சுட்டர் பிடிபட்டார், மன்னிப்புக் கேட்டார், வீட்டுக்கு வந்தார். ஆயுளில் அவர் பார்த்த ஒரே உருப்படியான போர் அதுதான்.

அடுத்த வருஷம் அமெரிக்கர்கள் வந்தார்கள். அவர்களின் ராணுவ அதிகாரி ஃபிரீமான்ட் கோட்டையை எடுத்துக்கொண்டார். உள்ளே கைதியாகக் கொண்டுவந்து அடைத்தது யாரை? பழைய எதிரி வயெஹோவை. சுட்டர் அவருக்கு நல்ல சாப்பாடும் மதுவும் கொடுத்து விருந்தாளியாக நடத்த, ஃபிரீமான்ட் கடுப்பானார். சாப்பாட்டு விஷயத்தில் கேப்டன் பகை பார்த்ததில்லை, வயெஹோவும் தொட்டியில் சாப்பிடுகிற ஜாதி இல்லை.

இனி பொன். கட்டுமானத்துக்குப் பலகை வேண்டும் என்று 50 மைல் தள்ளிக் கொலோமாவில் ரம்பம் ஓட்டும் ஆலை கட்ட, நியூ ஜெர்சியிலிருந்து வந்த தச்சர் ஜேம்ஸ் மார்ஷலோடு கூட்டு சேர்ந்திருந்தார். 1848 ஜனவரி 24-ம் தேதி காலை, மார்ஷல் கால்வாயில் மினுமினுத்த ஒன்றைக் குனிந்து எடுத்தார். ஆலைச் சமையற்காரி ஜென்னி விம்மர் அதைச் சோப்புக் காய்ச்சும் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தார், கறுக்கவில்லை. 28-ம் தேதி கொட்டும் மழையில் நனைந்துகொண்டே மார்ஷல் கோட்டைக்கு வந்து, தனியாகப் பேச வேண்டும், கதவைப் பூட்டுங்கள் என்றார். சுட்டர் பூட்ட மறந்துவிட்டார். துணி முடிச்சை அவிழ்க்கும் நேரம் பார்த்து ஒரு குமாஸ்தா உள்ளே வந்தார். மார்ஷலுக்கு உயிர் போய் வந்தது. பிறகு இருவரும் கலைக்களஞ்சியத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு அமிலம் ஊற்றினார்கள், தராசில் வெள்ளியோடு நிறுத்தார்கள், தராசோடு தண்ணீரில் முக்கினார்கள். நம்ம ஊர் ஆசாரி உரைகல்லில் ஒரு இழு இழுத்துச் சொல்லியிருப்பார். இவர்கள் ஒரு மதியம் எடுத்துக்கொண்டு, குறைந்தது 23 கேரட் என்று கண்டுபிடித்தார்கள்.

அன்று இரவு சுட்டர் சந்தோஷப்படவில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். இதை நான் நம்புகிறேன். அதுவரை அவர் தொட்டதெல்லாம் ‘அப்புறம் தருகிறேன்’ என்ற காகிதம். இப்போது கையில் முதல்முறையாக ‘இந்தா’ என்ற ஒரு பொருள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார்: எழுத்து வேலை. கொலோமா அவருடைய பட்டாவில் இல்லை. அதனால் அங்கிருந்த பழங்குடித் தலைவர்களிடம் மூன்று வருஷக் குத்தகை எழுதி வாங்கி, சார்லஸ் பென்னெட் என்ற ஆளிடம் கொடுத்து, மான்டரேயிலிருந்த அமெரிக்க ராணுவ ஆளுநர் மேசனிடம் அனுப்பினார். பழங்குடியினர் நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமையை அமெரிக்கா ஒப்புக்கொள்வதில்லை என்று மேசன் திருப்பி அனுப்பிவிட்டார். ரகசியமாகப் போன பென்னெட்டோ, வழி நெடுகப் பேசிக்கொண்டே போனார்.

ஆறு வாரம் வாயைத் திறக்காதீர்கள் என்று ஆலைத் தொழிலாளர்களிடம் சுட்டர் கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் போவதற்குள் அவரே வயெஹோவுக்குப் பொற்சுரங்கம் கிடைத்ததென்று பெருமையடித்துக் கடிதம் எழுதினார். சாமான் ஏற்றிப் போன வண்டிக்காரர் கோட்டையை ஒட்டிய கடையில் ஒரு பாட்டில் பிராந்திக்குப் பொன் தூளைக் காசாக நீட்டினார். கடைக்காரர் கோட்டைக்கு ஓடிவந்து, இது நிஜமா என்று கேட்க, சுட்டர் ஆமாம் என்றார். வருஷக்கணக்கில் கடைவைத்துப் பொய் சொல்லத் தெரிந்தவருக்கு, பொய் சொல்ல வேண்டிய ஒரே நாளில் உண்மை வந்துவிட்டது.

அந்தக் கடையின் முதலாளி சாம் பிரான்னன். மார்மன் குழுத்தலைவர், பத்திரிகைக்காரர், வியாபாரி. அவர் மண்வெட்டி, தட்டு, கடப்பாரை என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிக் கடையில் அடைத்தார். மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் பொன் தூள் பாட்டிலை ஆட்டிக்கொண்டு, அமெரிக்கன் ஆற்றில் பொன், பொன் என்று கூவிக்கொண்டே நடந்தார். பொன்னைத் தோண்டியவர்கள் பலர் தெருவில் நின்றார்கள், மண்வெட்டி விற்றவர் கோடீஸ்வரரானார்.

கோட்டை காலியானது. தோல் பதனிடும் தொட்டியில் தோல் அழுகியது. பெரிய மாவாலை பாதியில் நின்றது. அறுவடைக்கு ஆளில்லை. பொன் தேடி வந்தவர்கள் மாடுகளை அடித்துத் தின்றார்கள், வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள், கண்ட இடத்தில் குடிசை போட்டார்கள். சுட்டரும் ஆட்களோடு பொன் அள்ளப் போனார். கூடவே நடமாடும் சாராயக் கடைகள் வந்தன. ஆட்கள் அள்ளியது அங்கே போனது.

1848 செப்டம்பரில் மூத்த மகன் ஆகஸ்ட் வந்து சேர்ந்தான். கல்யாணத்துக்கு மறுநாள் பிறந்த அதே பிள்ளை, இப்போது 21 முடிந்தவன். 14 வருஷத்துக்குப் பிறகு அப்பா பிள்ளைக்குக் கொடுத்த முதல் அன்பளிப்பு: மொத்தச் சொத்தும் அவன் பெயரில், ரஷ்யர்கள் கைவைக்காமல் இருக்க. பினாமி என்பதற்கு நமக்குத் தனிச் சொல் இருக்கிறது, அவர்களுக்குப் பாவம் பத்திரம் மட்டும்தான். மகன் பீட்டர் பர்னெட் என்ற வக்கீலை வைத்து, ஆற்றோரம் தெரு போட்டு மனை பிரித்து விற்றான். அதுதான் சாக்ரமென்டோ நகரம். விற்ற காசில் ரஷ்யக் கடன் அடைந்தது. சுட்டர் குடும்பத்தில் ஒரு கடன் முழுசாக அடைந்த அந்த அபூர்வ நிகழ்ச்சிக்காக அப்பா மகன் மேல் எரிந்து விழுந்தார். நகரம் வர வேண்டியது மூன்று மைல் தெற்கே, மேட்டில், சுட்டர்வில் என்ற பெயரில் என்பது அவர் கனவு. 1850 ஜனவரியில் சாக்ரமென்டோ வெள்ளத்தில் மூழ்கியது. இடத்தைப் பொறுத்தவரை கிழவர் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே ஜனவரியில் அன்னெட் மிச்சப் பிள்ளைகளோடு வந்து இறங்கினார். பதினாறு வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கிறார். வாசலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நல்லதாயிற்று.

ஆளுநர் தேர்தலில் சுட்டர் நின்றார், வென்றது மனை விற்ற வக்கீல் பர்னெட். ஆறுதலுக்கு 1853-ல் கலிஃபோர்னியா மிலிஷியாவின் மேஜர் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். கேப்டன் பதவி பொய், ஜெனரல் பதவி நிஜம். இதற்கிடையே வழக்கு. குடிசை போட்டவர்கள் வியோஜேயின் வரைபடத்தை எடுத்து நீட்டினார்கள்: பார், எல்லைக் கோடு அங்கே இருக்கிறது, நாங்கள் இருப்பது இங்கே. 1850 ஆகஸ்டில் சாக்ரமென்டோ தெருவில் துப்பாக்கிச் சண்டையே நடந்தது. உச்ச நீதிமன்றம் 1858-ல் ஆல்வரடோ கொடுத்த பட்டா செல்லும் என்றது, மிச்செல்டொரெனா கொடுத்தது செல்லாது என்றது. அந்த இரண்டாவதை நம்பி நிலம் வாங்கியவர்களுக்கெல்லாம் சுட்டர் உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். ஜெயித்ததும் அந்தக் கணக்கில் கரைந்தது.

1864 முதல் மாநில அரசு மாதம் 250 டாலர் உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருஷம் எவனோ தீ வைத்து, ஃபெதர் ஆற்றங்கரையில் கடைசியாக மிஞ்சிய ஹாக் பண்ணை வீடு எரிந்தது. கிழவனும் கிழவியும் கிழக்கே கிளம்பினார்கள். 1871-ல் பென்சில்வேனியாவில் லிட்டிட்ஸ் என்ற அமைதியான மொரேவியக் கிறிஸ்தவர் ஊரில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் ஜெனரல் வாஷிங்டனுக்குப் போய் ஓட்டலில் தங்கி, பொன் அள்ளிய நாடே, எனக்கு நஷ்டஈடு கொடு என்று காங்கிரஸுக்கு மனுப் போட்டார். திருப்பித் தர மாட்டேன் என்று வாழ்ந்தவர், கடைசியில் வராத பாக்கிக்கு வாசலில் உட்கார்ந்தார். பர்க்டோர்ஃப் வியாபாரிகள் யாராவது உயிரோடிருந்து பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருக்கும்.

1880-ல் 50,000 டாலர் கொடுக்கும் மசோதா ஒருவழியாக மேசைக்கு வந்தது. தேர்தல் வருஷம், எல்லோருக்கும் ஊருக்குப் போகும் அவசரம். ஜூன் 16-ம் தேதி காங்கிரஸ் அதைத் தொடாமலே கலைந்தது. 18-ம் தேதி ஓட்டல் அறையில் ஜெனரல் காலமானார்.

உடல் லிட்டிட்ஸுக்கு வந்தது. அவர் மொரேவியர் இல்லை, ஆனாலும் விதியைத் தளர்த்தித் தங்கள் கல்லறையில் ஓரமாக ஓர் இடம் கொடுத்தார்கள். அதற்குப் பட்டா கேட்டு யாரும் வரவில்லை. இந்த முறை அன்னெட்டும் பதினாறு வருஷம் காத்திருக்கவில்லை. ஏழே மாதத்தில், ஜனவரியில், பக்கத்திலேயே வந்து படுத்துக்கொண்டார்.